அசதிக்கு ஒரு எண்

உடம்பு ஓய்ந்துபோவதைச் சொல்ல எங்கள் பக்கத்தில் நிறையச் சொற்கள் உண்டு. வெயிலில் நடந்து வந்தால் களைப்பு. அது ஒரு செம்பு மோரில் போய்விடும். கல்யாண வீட்டில் மூன்று நாள் வேலை பார்த்தால் அலுப்பு. ஒரு ராத்திரி தூங்கினால் சரியாகும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சுழற்றுவது அசதி. மனசு விட்டுப்போனால் சோர்வு. 27 வருடம் தமிழாசிரியையாக இருந்துவிட்டு, 52 வயதில் எனக்கு வந்ததற்கு மட்டும் இதில் எந்தச் சொல்லும் பொருந்தவில்லை. மோரிலும் போகவில்லை, தூக்கத்திலும் போகவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

முதலில் கரும்பலகையில்தான் தெரிந்தது. மேல் வரியில் எழுத ஆரம்பித்தால் பாதி வரிக்குள் கை தானாகக் கீழே இறங்கிவிடும். மாடி வகுப்புக்குப் போகும் படியில் பன்னிரண்டாவது படியில் நின்று, பிள்ளைகளுக்குத் தெரியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். இன்னொன்றும் நடந்தது. அரிசி டப்பாவைத் திறந்தால் ஒரு கை பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லாமல் என்னால் நகர முடியவில்லை. சின்ன வயதில் அரிசி தின்றால் "கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்" என்று ஆச்சி அதட்டுவாள். உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனவர்களுக்கு அரிசி, ஐஸ்கட்டி, மண் என்று எதையாவது மெல்லத் தோன்றும் என்பதும், அது மருத்துவம் அறிந்த ஓர் அறிகுறி என்பதும் எனக்குத் தெரியாது.

எட்டு மாதம் ஒரு கிளினிக்குக்குப் போய்வந்தேன். பி காம்ப்ளெக்ஸ் ஊசி, சத்து மாத்திரை, "வயசாகுதுல்லா டீச்சர், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்ற பேச்சு. ஒருமுறைகூட ரத்தம் பரிசோதிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில், என் மகள் வயதிருக்கும் ஒரு மருத்துவர்தான் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7.1. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். சீட்டைப் பார்த்துவிட்டு, "மாதவிலக்கு நின்னு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார். இரண்டரை வருஷம் என்றேன். "அப்போ இந்த ரத்தமெல்லாம் எங்க போகுது டீச்சர்?"

அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால், மாத்திரை கொடுத்து அனுப்புவதோடு விடக் கூடாது. குடலில் எங்காவது கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். எனக்குக் கசிந்தது பெருங்குடலின் வலது பக்கத்தில், அங்கே வளர்ந்திருந்த ஒரு புற்றுநோய்க் கட்டியிலிருந்து. அந்த இடத்தில் குடல் அகலம், கழிவும் கூழாகத்தான் இருக்கும். அதனால் கட்டி வளர்ந்தாலும் அடைப்பு சீக்கிரம் வராது. ரத்தமும் கழிவோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். வலி இல்லை, மலச்சிக்கல் இல்லை. எட்டு மாதமும் அந்த நோய் என்னிடம் பேசிய ஒரே மொழி அசதிதான்.

கொலோனோஸ்கோப்பி (கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) முடிந்து, சதைத்துண்டுப் பரிசோதனையின் முடிவு வந்து, அறுவைக்கு நாள் குறித்தார்கள். நடுவில் 23 நாள் இருந்தது. நான் எழுத வந்தது அந்த 23 நாளைப் பற்றித்தான். கீமோ கொடுத்தால் முடி கொட்டும், அசதியாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே ஒருவரால் எழுந்து பல் துலக்க முடியாமல் போகலாம் என்பதை யாரும் நம்புவதில்லை. "இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கலையே, அதுக்குள்ள ஏன் படுத்துட்டீங்க?" என்று மதினி கேட்டது அன்பினால்தான். ஆனால் அன்று முழுக்க நான் படுக்கவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். சாயங்காலம் மயங்கி விழுந்தேன்.

ஏன் இப்படி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். காய்ச்சல் வந்தால் உடம்பு நம்மைப் படுக்கச் சொல்லும் அல்லவா? அதைச் சொல்ல வைப்பது கிருமி மட்டும் இல்லை. கிருமியோடு சண்டை போடும்போது நம் உடம்பே சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற பொருட்களுக்கும் அதில் பங்கு உண்டு. உடம்புக்குள் ஒரு கட்டி இருந்தாலும் அவை சுரக்கலாம். காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல்காரியின் அசதி வருவது இப்படித்தான். அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின்-6, கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். ஹெப்சிடின் கூடினால் குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் வழி அடைபடும். பல நோயாளிகளுக்கு இரும்பு மாத்திரை சரியாக ஒட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம். எனக்கோ இன்னொரு பக்கம் ரத்தம் வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகும் குடத்தில் உத்தரணியால் தண்ணீர் ஊற்றி என்ன ஆகப்போகிறது?

ரத்தசோகை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. தைராய்டு குறைவு, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, வாய்க்குப் பிடிக்காமல் சாப்பாடு குறைந்தது, வேறு நோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் என்று சரிசெய்யக் கூடியவை பல உண்டு. ஆனால் தேடினால்தானே கிடைக்கும்? தேட வேண்டுமென்றால் நோயாளி வாய் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் பெரிய தடையாக இருந்தது.

அறுவை மருத்துவரை முதலில் பார்த்த அன்று, "பகல்ல எவ்வளவு நேரம் படுக்கையில இருக்கீங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா சார், லேசா டயர்ட் அவ்வளவுதான்" என்றார். நானும் தலையாட்டினேன். முடியவில்லை என்று சொன்னால் "இந்த உடம்பு அறுவை தாங்காது" என்று சொல்லிவிடுவார்களோ என்று இருவருக்கும் உள்ளுக்குள் பயம். அந்தக் கேள்வி சும்மா நலம் விசாரித்தது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஈகாக் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. 1982-ல் வெளியானது. உலகம் முழுக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். வழக்கம்போல் எல்லாம் செய்ய முடிந்தால் 0. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு, வேலைக்குப் போக முடியாமல், விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடினால் 2. பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிந்தால் 3. எந்தச் சிகிச்சை, எவ்வளவு என்று முடிவெடுக்கும்போது இந்த எண்ணையும் பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் சொன்ன பதிலில் நான் 1. நிஜத்தில் 2-க்கும் 3-க்கும் நடுவில் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் ஒருவர்தான் எனக்கு எண் சொல்லப் பழக்கினார். "அசதியே இல்லைன்னா பூஜ்யம். இதுக்கு மேல தாங்காதுன்னா பத்து. இப்போ எவ்வளவு?" எட்டு என்றேன். சொன்னவுடன் அழுகை வந்தது. 4-ஐத் தொட்டாலே காரணம் தேட வேண்டும், 7-லிருந்து கடுமை என்று அவர் சொன்னார். எட்டு மாதம் "என்னவோ மாதிரி இருக்கு" என்றே சொல்லி வந்தவளுக்கு, அந்த ஓர் எண் கிடைத்தது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? அப்புறம்தான் வேலைகள் வேகமாக நடந்தன. தைராய்டு, பி12, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எல்லாம் பார்த்தார்கள். ரத்தம் ஏற்றலாம், ஆனால் நாள் இருக்கிறது, இரும்பையே நரம்பு வழியாக ஏற்றிப் பார்ப்போம் என்றார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை, தடவைக்கு 1000 மில்லிகிராம். உப்புநீரில் கலந்து ஏற்றுவதற்கு கால்மணி நேரம்தான் ஆனது. மறுநாளே துள்ளி எழுவோம் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்காது. எலும்பு மஜ்ஜை புது அணுக்களைச் செய்து அனுப்ப வேண்டுமே. பத்தாம் நாள் வாக்கில், துவைத்த சேலையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் நடுவில் உட்காரவில்லை என்பதைக் கவனித்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊரே எனக்கு மருத்துவம் பார்த்தது. மாதுளை, பீட்ரூட், பேரீச்சை எல்லாம் பை பையாக வந்தன. மாதுளையின் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தம் இல்லை, அது வெறும் நிறம். ஆனால் அத்தை வைத்துக் கொடுத்த சுவரொட்டியை நான் குறை சொல்லமாட்டேன். ஆட்டின் மண்ணீரலில் இரும்பு நிஜமாகவே நிறைய. கீரையில் இருப்பதைவிட அது உடம்பில் எளிதாக ஒட்டும். மிளகு தட்டிப்போட்டு, ஈரலைவிட மென்மையாக இருக்கும் அந்தக் கறியைக் காலையில் தட்டில் வைத்துவிட்டு, நான் முழுங்கும்வரை அத்தை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். தினம் இரண்டு முட்டையும் சுண்டலும் சாப்பிடச் சொன்னது மருத்துவமனை. வெட்டிய இடம் ஆறப் புரதம் வேண்டும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்பு ஒட்டாது என்பதால் டீயைப் பதினோரு மணிக்குத் தள்ளினேன்.

என் பழைய பாடக்குறிப்பு ஏடு ஒன்றில் மணிவாரியாக எண் எழுத ஆரம்பித்தேன். நாலு நாளிலேயே ஓர் ஒழுங்கு தெரிந்துவிட்டது. காலை எட்டிலிருந்து பத்தரைவரை 5. குளித்து முடித்தால் 8. இவ்வளவு நாளும் காலையில் எழுந்ததும் தலைக்குக் குளித்து, நாளில் கிடைக்கும் நல்ல நேரத்தை எல்லாம் அதிலேயே கரைத்துக்கொண்டிருந்தேன்! குளிப்பது அவ்வளவு பெரிய வேலை என்று ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குத் தெரியாது. நிற்க வேண்டும், குனிய வேண்டும், கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன், ஸ்டூலில் உட்கார்ந்து. தலைக்குக் குளிக்கும் நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளும் ஒன்றாக வராமல் பார்த்துக்கொண்டேன். சி.டி. ஸ்கேனுக்கு ஒரு நாள், மயக்க மருந்து மருத்துவரிடம் ஒரு நாள், எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கு ஒரு நாள் என்று திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. எக்கோவையும் மயக்க மருந்து மருத்துவரையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேட்டேன். வைத்துக் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதே எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை.

பார்க்க வருபவர்கள் விஷயம்தான் கடினம். நம் ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பார்ப்பது கடமை. ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஆரஞ்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை 17 பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கரும்பலகையில் ஆரம்பித்துக் கட்டிவரை. கேட்டு அவர்கள் அழுதால் நான் தேற்ற வேண்டும். நடுவில் காபி. யாருமே கெட்ட எண்ணத்தில் வரவில்லை, அவர்கள் வந்ததால்தான் எனக்கு உலகம் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி என் ஏட்டில் 10. மறுநாள் கோவில்பட்டியிலிருந்து தங்கச்சி வந்தாள். திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அக்கா தூங்குதா, நானே சொல்லுதேன், உக்காருங்க" என்று கதையை அவள் சொன்னாள், அழுதவர்களை அவள் தேற்றினாள். என் போனும் அவளிடம்தான். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுவரை மட்டும் இரண்டு பேரை உள்ளே விடுவாள். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் இந்தக் கட்டுரை போய்ச் சேரட்டும்.

நடக்கச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எழுந்திருக்கவே முடியாதவளை நடக்கச் சொல்கிறார்களே என்று. முதல் இரும்பு ஏற்றியபிறகுதான், அதுவும் மருத்துவர் நெஞ்சைச் சோதித்துச் சரி என்ற பிறகுதான் தொடங்கினேன். இவ்வளவு ரத்தசோகையோடு யாரும் தானாக ஆரம்பிக்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ நின்றுவிட வேண்டும். முதல் நாள் தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை. போக நாலு நிமிஷம், அங்கே கல்லில் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன், திரும்ப ஆறு நிமிஷம். தினம் ஒரு மின்கம்பம் கூடுதல் என்று கணக்கு வைத்தேன். பதினெட்டாம் நாள் கோமதியம்மன் கோயிலுக்குப் போய் வெளிப்பிரகாரத்தை ஒரு சுற்று சுற்றினேன். வருஷக்கணக்காக ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டு நடந்த இடம். அன்று நானும் வெயிலில் காய்ந்த கல்லும்தான். அழுதுகொண்டே நடந்தேன், ஆனால் நிற்காமல் நடந்தேன்.

சும்மா ஆறுதலுக்குச் சொல்லும் யோசனை இல்லை இது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்கோ கார்லி என்ற மயக்க மருந்து மருத்துவரின் குழு, என்னைப் போலவே பெருங்குடல் அறுவைக்குக் காத்திருந்த 77 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பாதிக்கு நடை, புரதம், மன அமைதிப் பயிற்சி எல்லாம் அறுவைக்கு நான்கு வாரம் முன்பே தொடங்கின. மறு பாதிக்கு அதே பயிற்சிகள் அறுவைக்குப் பிறகு. எட்டு வாரம் கழித்து, முன்பே தொடங்கியவர்களில் 84 சதவீதம் பேர் பழைய நடைத்திறனுக்குத் திரும்பியிருந்தார்கள். பிறகு தொடங்கியவர்களில் 62 சதவீதம். 2014-ல் வந்த ஆய்வு. 2017-ல் 113 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும், சிகிச்சையின்போதும் அதற்குப் பிறகும் வரும் அசதிக்கு மருந்துகளைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும்தான் கூடுதலாக உதவின. இதை அறிந்தபிறகு அந்த 23 நாளை வெறும் காத்திருப்பு என்று என்னால் நினைக்க முடியவில்லை. தேதி குறித்த நிமிஷமே என் சிகிச்சை தொடங்கிவிட்டது. அறுவை அறையில் நடந்தது அதன் இரண்டாவது பாகம்.

தூக்கம் மட்டும் கடைசிவரை முழுசாகச் சரியாகவில்லை. எங்கள் தெருவில் விசைத்தறி ராத்திரியும் ஓடும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், அது தொந்தரவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, போனை எடுத்து, எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று தேடுவதுதான் தூக்கத்தைத் தின்றது. தங்கச்சி ஒன்பது மணிக்கே போனை வாங்கி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். பகல் தூக்கத்துக்கு அரை மணி நேரம் அலாரம். ஒரு ராத்திரி மொட்டைமாடியில் என் வீட்டுக்காரரிடம், "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும்தான்" என்றார். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அன்று ஐந்து மணிநேரம் தூங்கினேன்.

படுத்திருந்த நாட்களில் ஒரு பெண்பிள்ளையின் முகம் அடிக்கடி வந்தது. ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். எந்நேரமும் தலையை மேசையில் கவிழ்த்துக்கொள்வாள். "சோம்பேறி, எந்திரி" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். வாராவாரம் அந்த நீலநிற இரும்பு மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததே நான்தான். ஏன் கொடுக்கிறோம் என்று யோசித்ததில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. என் வகுப்பில் பாதிப் பெஞ்சு. தங்கச்சியை விட்டு அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போகச் சொன்னேன். அவளுக்கு 8.2. என்னிடம் யாரும் கேட்காத கேள்வியை அவளிடம் நானும் கேட்காமல்தான் இருந்திருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் "பரவால்ல மிஸ்" என்றாள். எனக்குப் பரவாயில்லை என்று இன்னும் தோன்றவில்லை.

22-ஆம் நாள் என் ஹீமோகுளோபின் 9.4. அறுவைக்கு இது போதும் என்றார்கள். ரத்தம் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று, பழைய மாணவர்கள் இரண்டு பேர் ரத்த வங்கிக்கு வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே அட்மிட் ஆனேன். பெட்டில் உட்காரவைத்து, கையில் பட்டை கட்டி, வார்டு நர்ஸ் படிவத்தை எடுத்தார். "நடக்கறாங்களா, அசதி எப்படி இருக்கு?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் வாயைத் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நாலு," என்றேன். "காலைல நாலு. பஸ்ல வந்ததுல இப்போ ஆறு."

நர்ஸ் இரண்டையும் எழுதிக்கொண்டார்.